கிளிப்பச்சைப் பை

பட்டறையில் எல்லோரும் அவளைக் கத்திரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவசரத்தில் வாய் குழறினால் அது கத்திரிக்காய் ஆகிவிடும். அதற்கும் அவள் திரும்பிப் பார்ப்பாள். சோபாவுக்கும் கார் இருக்கைக்கும் உறை தைக்கிற பட்டறை அது. ரெக்சின் சுருளை மேஜைமேல் உருட்டிவிட்டு, சாக்குக்கட்டியால் கோடு இழுத்து, கத்திரியை வைத்தாளானால் மறுமுனையில்தான் எடுப்பாள். இருபத்திரண்டு வருடமாக அதே மேஜை. வயது நாற்பத்தெட்டு. இடது தோள்பட்டை மட்டும் நான்கு வருடமாகச் சொல்பேச்சு கேட்பதில்லை.

தோள் கெட்டது ஒரு விமானப் பயணத்தில். வெகுநாள் கழித்துத் தங்கைக்குப் பிறந்த குழந்தையைப் பார்க்கக் கிளம்பினாள். பட்டறையில் மிஞ்சிய வெல்வெட் துண்டுகளை இரண்டு மாதம் உட்கார்ந்து ஒட்டுப்போட்டு, குழந்தைக்கு ஒரு மெத்தை விரிப்பு தைத்து வைத்திருந்தாள். போகிற செய்தி வீட்டில் பரவியதும், "நீதான் போறியே" என்று ஆரம்பித்தார்கள். நாத்தனார் இரண்டு பித்தளைப் பாத்திரம் கொடுத்தாள். கொழுந்தன் ஒரு கட்டு புத்தகம் கொடுத்தான். பக்கத்து வீட்டுக்காரி கூட யாரோ ஒரு சித்தப்பாவுக்கு ஒரு கம்பளி கொடுத்தாள். விமான நிலையத்தில் பெட்டியை எடை மேடையில் வைத்தால் மூன்று கிலோ அதிகம். பின்னால் நீளமாக வரிசை. தரையில் குந்தி, பெட்டியைத் திறந்து, எதை எடுப்பது என்று பார்த்தாள். அடுத்தவர் பொருளை எடுக்கக் கை வரவில்லை. தன் ஸ்வெட்டரை எடுத்தாள், செருப்பை எடுத்தாள். கடைசியில் அந்த விரிப்பையும் எடுத்துக் கணவர் கையில் கொடுத்தாள். அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வீடு திரும்பினார்.

இறங்கிய ஊரில் பெட்டியை இழுத்துத் தூக்கும்போது தோளில் ஏதோ நறுக்கென்றது. தங்கையின் வீட்டுக்குள் நுழைந்தபோது கத்திரியக்கா கையில் ஊரார் சாமான் அத்தனையும் இருந்தது. குழந்தைக்கென்று ஒன்றும் இல்லை. தங்கை ஒவ்வொன்றாக வாங்கிச் சுவரோரம் அடுக்கிவிட்டுக் காப்பி போடப் போனாள். அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது.

இப்போது மறுபடி ஒரு பயணம் வந்தது. இந்தத் தடவை வேலைக்கு. கெட்டியான துணி தைக்கிற புது மெஷின் ஒன்று வாங்கப் பட்டறை முதலாளி நினைத்திருந்தார். தூரத்து நகரம் ஒன்றில் மூன்று நாள் மெஷின் கண்காட்சி. அவரே போவதாக இருந்தது. மனைவிக்கு மருத்துவர் சொன்ன பிரசவத் தேதி சரியாக அதே வாரத்தில் வந்து விழுந்தது.

"அக்கா, நீங்களே போய்ப் பாத்துட்டு வந்துடுங்க. தைக்கிறவங்களுக்கு என்ன வேணும்னு என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும்" என்றார் முதலாளி.

"எத்தன நாள்?"

"போக வர சேர்த்து மூணு நாள். வீட்ல கேட்டுட்டுச் சொல்லுங்க."

அவள் அன்று மாலை வீட்டில் கேட்டாள். தண்ணீர் வாரியத்தில் மீட்டர் பார்க்கிறவர் அவள் கணவர். தெருத்தெருவாக நடந்து வீட்டுக்கு வீடு குனிந்து எண் குறிக்கிற வேலை. நல்ல மனிதர். அவருக்கு உலகத்தில் பயம் இரண்டு: ஒன்று நாய், இன்னொன்று அவருடைய அக்கா.

"தாராளமா போய்ட்டு வா" என்றவர், ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார். "அக்கா பையன் அந்த ஊர்லதானே இருக்கான்?"

அந்தக் கேள்வியின் வால் எங்கே போய் முடியும் என்று அவளுக்குத் தெரியும். பெட்டி கிடையாது, ஒரு சின்னப் பைதான் என்று அன்றே முடிவு செய்தாள். மறுநாள் மதியம் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பை வாங்கக் கிளம்பினாள்.

சும்மா கிளம்பவில்லை. பட்டறையில் நூல்கண்டு நிறுக்கிற சின்னத் தொங்கு தராசை எடுத்துக்கொண்டாள். அளவு நாடா எப்போதும் கழுத்தில் இருக்கும். மூன்று நாளுக்கு என்னென்ன வேண்டுமோ அதை ஒரு துணிப்பையில் கட்டிக்கொண்டாள். இரண்டு செட் துணி, ஒரு துண்டு, ஒரு போர்வை, பல் தேய்க்கிற சாமான், மாத்திரை, மூக்குக்கண்ணாடிக் கூடு.

கடை பெரியது. சுவர் முழுக்கப் பைகள் தொங்கின. விற்பனையாளர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு நேராகச் சக்கரம் வைத்த பெட்டிகள் பக்கம் கூட்டிப்போனார்.

"உங்க வயசுக்கு இதான் மேடம் சௌகரியம். தள்ளிக்கிட்டே போலாம். இழுத்து விரிச்சா இன்னும் பத்து கிலோ புடிக்கும்."

"பத்து கிலோ புடிக்கக் கூடாது. அதுக்குத்தான் வந்திருக்கேன். தோள்ல மாட்டுற பை காட்டுங்க. முன் சீட்டுக்கு அடியில போகணும்."

அவர் ஒரு கறுப்புப் பையை இறக்கினார். அறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். லேப்டாப்புக்கு ஒன்று, போனுக்கு ஒன்று, சார்ஜர் வயர் வெளியே வர ஒரு ஓட்டை, அந்த ஓட்டைக்கு ஒரு மூடி. "மொத்தம் பதினெட்டு அறை மேடம்."

"பதினெட்டு அறை இருந்தா பதினெட்டு பேர் ஏதாவது குடுத்தனுப்புவாங்க" என்றாள் அவள். தராசின் கொக்கியை மாட்டித் தூக்கினாள். காலிப் பையே ஒன்றரைக் கிலோ காட்டியது. "என் துணிமணி எல்லாம் சேர்த்தே ரெண்டரைக் கிலோ. அதைச் சுமக்க ஒன்றரைக் கிலோவா? வேணாம்."

அடுத்த பை வந்தது. அதை அவள் உள்பக்கம் வெளியாகப் புரட்டினாள். விற்பனையாளர் திடுக்கிட்டார். பையை அப்படிப் பார்க்கிற ஆளை அவர் பார்த்ததில்லை போலிருக்கிறது. தோள்பட்டி பையோடு சேருகிற இடத்தில் விரலை வைத்தாள்.

"பாருங்க. எல்லா பாரமும் இந்த ஒரு இடத்துலதான் இழுக்கும். இங்க ஒத்தத் தையல் போட்டிருக்கான். குறுக்கும் நெடுக்கும் நாலு தடவ அடிச்சிருக்கணும். உள்ள பட்டி ஓரத்தையும் மடிக்கல, பிரியப் பிரிய வருது. மேல மட்டும் பேரு பெருசா போட்டிருக்கான்."

"இது நல்லா போற மாடல் மேடம். இதுவரைக்கும் யாரும் குறை சொன்னதில்ல."

"யாரும் உள்ள பாத்திருக்க மாட்டாங்க."

மூன்றாவது, கையளவாக மடித்துக் குட்டிப் பையில் அடைத்து வைக்கிற ரகம். நூற்றைம்பது கிராம்தான். ஆனால் வெங்காயச் சருகு மாதிரி இருந்தது. முதுகில் தடுப்பு எதுவும் இல்லை. தோள்பட்டி ரிப்பன் அகலம். கெட்ட தோளில் அதை மாட்டினால் கயிறு அறுக்கிற மாதிரி அறுக்கும் என்று மாட்டாமலே தெரிந்தது. நான்காவதன் ஜிப் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் மேலே மட்டும் வாய் திறக்கிற பை. அடியில் இருக்கிற மாத்திரையை எடுக்க மொத்தத்தையும் கொட்ட வேண்டும். தரையில் குந்திக் கொட்டுகிற வேலை அவளுக்கு இனி வேண்டாம்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. விற்பனையாளர் பெருமூச்சு விடுவது கேட்டது. "மேடம், உங்களுக்கு என்னதான் வேணும்?"

"சொல்றேன். காலியா அரைக் கிலோவத் தாண்டக் கூடாது. தோள்பட்டி என் நாலு விரல் அகலம் இருக்கணும், உள்ள பஞ்சு வச்சிருக்கணும். மார்புல ஒரு பட்டி வேணும், தோள்ல இருந்து நழுவாம. பெட்டி மாதிரி மூணு பக்கமும் திறக்கணும். தண்ணி பாட்டிலுக்கு வெளிய ஒரு இடம். அவ்ளோதான். ஓட்டை வேண்டாம்."

அவர் ஏணி போட்டு மேல்தட்டில் துழாவினார். இரண்டு பைகளோடு இறங்கினார். ஒரே பை, இரண்டு நிறம். ஒன்று காப்பித்தூள் நிறம், மற்றது கிளிப்பச்சை.

அவள் புரட்டிப் பார்த்தாள். பட்டி சேருமிடத்தில் நாலு தடவை அடித்திருந்தது. ஜிப்பின் ரன்னரை ஒற்றை விரலால் இழுத்தால் மூலையில் கூடத் தயங்காமல் திரும்பியது. தராசில் நானூற்று எழுபது கிராம். நாடாவால் நீளம், அகலம், உயரம் அளந்து, டிக்கெட்டில் அச்சடித்திருந்த அளவோடு பார்த்தாள். பிறகு கல்லா மேஜை மேலேயே துணிப்பையை அவிழ்த்து எல்லாவற்றையும் அடுக்கினாள். மடித்த போர்வை கடைசியாக உட்கார்ந்தது. மூடி, தோளில் மாட்டி, கடைக்குள் இரண்டு சுற்று நடந்தாள். மாடிப்படி ஏறி இறங்கினாள். தோள் முனகவில்லை.

"சரியா இருக்கு. பச்சையைக் குடுங்க."

"மேடம், அந்த பச்சை சின்னப் பொண்ணுங்க எடுக்கறது. உங்களுக்கு இந்த பிரவுன்…"

"நான் பெரிய பொண்ணு. பில் போடுங்க."

இரண்டு நாள் கழித்து நாத்தனார் வந்தாள். கணவரின் மூத்த அக்கா. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தெரிந்துவிட்டது, கையில் அட்டைப் பெட்டி. ஐந்து லிட்டர் குக்கர்.

"என் பையன் ஓட்டல் சாப்பாடு சாப்பிட்டு எளச்சுப் போய்ட்டான். இதை அவன்கிட்ட குடுத்துடு. அவனே வந்து வாங்கிக்குவான், உனக்கு அலைச்சல் கிடையாது" என்றாள் நாத்தனார்.

"அண்ணி, நான் இந்தத் தடவ ஒரு பைதான் எடுத்துட்டுப் போறேன்." அவள் கட்டில்மேல் இருந்த பச்சைப் பையைக் காட்டினாள்.

நாத்தனார் பையைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். "இது என்ன, பள்ளிக்கூடம் போறியா? பெட்டி எடுத்துக்கோயேன். உங்க வீட்ல பெட்டியா இல்ல? இந்தக் குக்கருக்குள்ள காலி இடம்தானே இருக்கு. உன் துணிய அதுக்குள்ள வச்சுக்கலாமே."

கத்திரியக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். தன் துணியை விசில் அடிக்கிற பாத்திரத்துக்குள் வைத்து நாடு சுற்றுகிற யோசனை நாத்தனாருக்கு மட்டும்தான் தோன்றும்.

கணவர் நடுவில் புகுந்தார். "அக்கா, அது வந்து… இந்த விமானத்துல பெட்டி விடறதில்லயாம். ரூல்ஸ் மாத்திட்டாங்களாம்."

அவருடைய கண் அவளைக் கெஞ்சியது. தலையாட்டினால் போதும். பொய் அவருடையது, பழி விமானக் கம்பெனியுடையது, வீட்டில் சண்டை இல்லை. அவளும் ஒரு கணம் ஆட்டிவிடலாமா என்று நினைத்தாள். ஆனால் அடுத்த பயணத்துக்கு அடுத்த பொய் வேண்டும். குட்டக் குட்டக் குனிகிறவளாகவே இருந்துவிட்டு, குனிவதற்கும் ஒரு சாக்குத் தேடிக்கொள்வதா?

"ரூல்ஸ் ஒண்ணும் மாறல அண்ணி" என்றாள். "பதினஞ்சு கிலோ பெட்டி போடலாம். விமானக் கம்பெனி விடுது. நான்தான் விடல."

நாத்தனார் குக்கர் பெட்டியை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"அப்படின்னா? என் பையனுக்குன்னா உனக்கு பாரமா இருக்கா?"

"உங்க பையன் எனக்கு பாரமில்ல. குக்கர்தான் பாரம். நாலு வருஷம் முன்னாடி உங்க பித்தளைய எடுத்துட்டுப் போனேன். என் தங்கச்சி குழந்தைக்குத் தச்சத இறக்கி வச்சுட்டுப் போனேன். கைய மேல தூக்கித் தலை சீவ முடியல இன்னிக்கு வரைக்கும். யாரும் கேக்கல. நானும் சொல்லல. அது என் தப்பு. இப்ப சொல்றேன்."

"அப்பவே சொல்லிருக்கலாமே! நான் என்ன கழுத்தப் புடிச்சா குடுத்தேன்?"

"இல்ல அண்ணி. அன்பாதான் குடுத்தீங்க. அதனாலதான் இவ்ளோ நாள் வாங்கிட்டேன்."

நாத்தனார் அட்டைப் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு எழுந்தாள். காப்பி குடிக்காமல் போனாள். அந்தக் குடும்பத்தில் அது போர்ப் பிரகடனம். கணவர் வாசல்வரை ஓடிப் போய், தெருமுனைவரை கூடவே நடந்து, முகம் தொங்கத் திரும்பி வந்தார்.

"கொஞ்சம் பொறுத்துப் போயிருக்கலாம்."

"பொறுத்தது என் தோள். அதையே கேட்டுப் பாருங்க."

கிளம்புகிற அன்று காலை. பையை எடுத்து மாட்டியதும் நின்றாள். நாள் முழுக்கத் துணிச்சுருள் தூக்குகிற கை. முந்தின நாள் மாலை, பட்டறையிலிருந்து எடுத்துவந்த துணித்துண்டுகளையும் வைத்து எடை பார்த்தபோது மூன்று கிலோ நானூறு. இது அதற்கு மேல். இறக்கித் திறந்தாள். போர்வைக்கு அடியில் ஒரு பொட்டலம். குக்கர் இல்லை, அதன் உபரி மூடியும் வெயிட்டும் ரப்பர் வளையமும். கணவர் பல் தேய்த்தபடி குளியலறை வாசலில் நின்றார்.

"சின்னப் பொட்டலம்தானே" என்றார், வாயில் நுரையோடு.

"சின்னதுன்னா உங்க சட்டைப் பையில வச்சுக்கோங்க."

அவள் அதை மேஜைமேல் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். படிகளை இரண்டிரண்டாக இறங்கினாள். கோபம் பாதி, கோபப்பட்டுவிட்டோமே என்கிற பயம் பாதி. பஸ் ஏறி உட்கார்ந்த பிறகு பயம் இறங்கியது. கோபம் மட்டும் கூட வந்தது. அது கனக்கவில்லை.

விமான நிலையத்தில் பதிவு மேடைக்கு முன்னால் நன்றாக உடுத்திய ஒருவர் அவள் பக்கம் நகர்ந்து வந்தார்.

"நீங்க பெட்டி எதுவும் போடலயா? எனக்குக் கொஞ்சம் அதிகமாயிடுச்சு. இந்தப் பையை உங்க பேர்ல போட்டுடுறீங்களா? இறங்கினதும் வாங்கிக்கறேன்."

"உள்ள என்ன?"

"வெறும் துணிங்க."

அவர் பையைத் தரையில் வைத்தபோது ணங்கென்றது.

"துணிதான் என் தொழிலுங்க. எந்தத் துணியும் இப்படிச் சத்தம் போடாது" என்றாள். அவர் அடுத்த ஆளைத் தேடிப் போனார்.

ஏறும் வாசலில் சீருடைப் பையன் ஒருவன் பையின் அளவு பார்க்கிற இரும்புக் கூண்டு ஒன்றை வைத்துக்கொண்டு நின்றான். பையை அதற்குள் போடச் சொன்னான். அவள் தண்ணீர் பாட்டிலை உருவிவிட்டுப் போட்டாள். உள்ளே போய் உட்கார்ந்தது, உறை மாதிரி. அவன் இன்னொரு தரம் பார்த்தான். துணி வெட்டுகிறவள் அளந்து வாங்கிய பை; அவன் கையை ஆட்டி வழிவிட்டான்.

இறங்கிய ஊரில் எல்லோரும் பெட்டி வருகிற பட்டையைச் சுற்றிக் கழுத்தை நீட்டி நின்றார்கள். அவள் அவர்களைத் தாண்டி நடந்தாள். இரண்டு கையும் வீசி நடந்தாள். வெளியே வந்து பஸ் ஏறி, தங்குமிடத்துக்குக்கூடப் போகாமல், பையோடு நேரே கண்காட்சிக் கூடத்தில் போய் இறங்கினாள். திறந்து அரைமணிதான் ஆகியிருந்தது.

முதலாளி படம் காட்டி, ஏறக்குறைய முடிவே செய்திருந்த மெஷின் முன்வரிசையில் இருந்தது. டை கட்டிய விற்பனைப் பிரதிநிதி அவளைத் தாண்டி வாசலைப் பார்த்தார்.

"உங்க முதலாளி எப்ப வர்றாரு?"

"அவர் வரல. வந்தது நான்."

அவர் மெல்லிய பருத்தித் துணியில் தைத்துக் காட்டினார். மெஷின் தேன் வழிகிற மாதிரி ஓடியது. அவள் பையின் முதுகுப்பக்க அறையைத் திறந்து நான்கு துண்டுகளை எடுத்தாள். ரெக்சின் இரண்டு மடிப்பு, நடுவில் ஃபோம், ஓரத்தில் உள்ளே கயிறு வைத்து உருட்டித் தைத்த விளிம்பு. பட்டறையில் எந்த இடத்தில் ஊசி ஒடியுமோ அதே கனம்.

"இதுல தைங்க."

"டெமோவுக்கு நாங்க எங்க துணிதான் போடுவோம் மேடம்."

"நான் உங்க துணியில சோபா தைக்கப் போறதில்ல."

சுற்றி நாலு பேர் கூடினார்கள். அவரால் மறுக்க முடியவில்லை. மெஷின் மூன்று அங்குலம் ஓடி, விளிம்பின் மேட்டில் ஏறும்போது தையல் விட்டது. மறுபடி ஓட்டினார். மறுபடி அதே இடத்தில் விட்டது. நூலின் மேல் பழி போட்டார், ஊசியின் மேல் போட்டார். அவள் துண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அன்று மாலைவரை பதினோரு கடையில் அதே துண்டுகளை நீட்டினாள். சிலர் சிரித்தார்கள், ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கூடத்தின் பின்கோடியில், கழிவறைக்குப் பக்கத்தில், பேர் தெரியாத ஒரு சின்னக் கம்பெனிக்காரி, "குடுங்க, நானே தச்சுக் காட்டறேன்" என்று தானே உட்கார்ந்தாள். மேட்டில் ஏறி இறங்கியது மெஷின். ஒரு தையல் விடவில்லை. கத்திரியக்கா தையலை நகத்தால் கீறிப் பார்த்தாள். பிறகு தானே உட்கார்ந்து தைத்துப் பார்த்தாள். மறுநாளும் போய் இரண்டு மணி நேரம் தைத்தாள். பிறகுதான் போன் செய்தாள்.

"அக்கா, அந்தப் பெரிய கம்பெனிதானே ஊர்ல எல்லாரும் வச்சிருக்காங்க?" முதலாளி இழுத்தார்.

"எல்லாரும் உள்ள பாக்காம வாங்கியிருப்பாங்க. அதை வாங்கறதா இருந்தா வேற ஆளை உக்கார வைங்க. நான் தைக்கச் சொல்ல மாட்டேன்."

அந்தப் பக்கம் ஒரு குழந்தை அழுகிற சத்தம்.

"பொறந்துடுச்சா?"

"நேத்து ராத்திரி அக்கா. பொண்ணு. சரி, நீங்க சொல்றதையே வாங்கிடுவோம்."

வீடு திரும்பியபோது கணவர் இல்லை. குக்கர் பெட்டியும் இல்லை. மேஜையில் ஒரு சீட்டு மட்டும் இருந்தது. அக்காவின் தொந்தரவு தாங்காமல், குக்கரை எடுத்துக்கொண்டு அக்கா பையன் ஊருக்கு ரயில் ஏறியிருந்தார். இரண்டு நாள் கழித்து வந்தார், ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தபடி. அக்கா குக்கரோடு நிற்கவில்லை; ஒரு தோசைக்கல், இரண்டு தலையணை, ஒரு இஸ்திரிப்பெட்டி சேர்த்துக் கொடுத்திருந்தாள். அவர் சாப்பிட்டார், படுத்தார். அவள் தோளுக்குத் தேய்க்கிற தைலத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"இத்தன வருஷம் எப்படித் தூக்கின?" என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"நீங்க ஒரு தரம்கூடக் கேக்கலயே."

அவர் எழுந்து உட்கார்ந்தார். தைலத்தைத் தானே தேய்த்துக்கொள்ளப் பார்த்து, கை எட்டாமல் தவித்தார். அவள் தேய்த்துவிட்டாள். கொஞ்சம் அழுத்தியே தேய்த்தாள்.

நாத்தனார் நான்கு மாதம் பேசவில்லை. பிறகு ஒரு குடும்ப விசேஷத்தில் பேசினாள், பழையபடி இல்லை, அளந்து பேசினாள். கத்திரியக்காவுக்கு அது வருத்தம்தான். ஆனால் அந்த வருத்தத்தோடு நிம்மதியாகத் தூங்க முடிந்தது.

மெஷின் வந்து இறங்கி ஓடத் தொடங்கிய மாதம், முதலாளி அவள் மேஜைக்கு வந்தார். வேறொரு ஊரில் ரெக்சின் ஆலை ஒன்று இருந்தது. புதுச் சரக்கை நேரில் பார்த்து எடுக்க வேண்டும்.

"நாலு நாள் ஆகும் அக்கா. அடுத்த திங்கக்கிழமை. வீட்ல கேட்டுட்டுச் சொல்றீங்களா?"

அவள் கோட்டின் பாதியில் இருந்தாள். கத்திரியை நிறுத்தவில்லை.

"டிக்கெட் போடுங்க. வீட்ல சொல்லிக்கறேன்."